அன்னம்மா சொன்ன பிளாக் நம்பர்

எங்கள் சபையில் அன்னம்மா என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சொல்லப் போவது சுவா சூ காங் பேட்டையில் இருக்கிற அன்னம்மா, ஜூரோங்கில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். அவள் அப்பா தாசன் எனக்குச் சித்தப்பா மகன். அதனால் நான் அவளுக்கு அத்தை. அவள் அம்மா ரூபவதி என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த வழியாகப் போனால் முறை வேறு மாதிரி வரும். அதை விடுங்கள், அத்தையே இருக்கட்டும்.

தாசன் அண்ணன் இறந்தபோது அன்னம்மா அப்போதுதான் பள்ளிக்கூடத்தை முடித்திருந்தாள். தங்கச்சி லில்லிக்கு இன்னும் பால்பல் விழவில்லை. மறு மாதமே அன்னம்மா கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். லில்லியின் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசுவது, தலை பின்னுவது, கணக்குப் பாடத்தில் குட்டு வைப்பது எல்லாம் அக்காதான். பெண் பார்க்க வந்தவர்களுக்கு, "தங்கச்சி படிக்கட்டும்" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினாள். லில்லி படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். அதற்குள் டீ குடிக்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அன்னம்மா அதற்காக முகம் வாடி நான் பார்த்ததில்லை. "ஆண்டவர் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வேலையை மிச்சப்படுத்திட்டார் அத்தை, அவருக்கும் வேற வேலை இருக்குல்ல" என்பாள்.

அவள் விசுவாசம் அப்படித்தான், வீட்டுச் செருப்பு மாதிரி. பளபளப்பு கிடையாது, எந்நேரமும் காலில் இருக்கும். கம்பெனி பஸ்ஸில் யாருக்கு என்ன கவலை என்றாலும் அவள் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சீனப் பெண்ணின் மாமியார் ஆபரேஷன், மலாய்ப் பெண்ணின் மகன் பரீட்சை, எல்லாம் அவள் ஜெபத்துக்குள் வந்துவிடும். பஸ் ஓட்டுகிற ஒலி முகம்மது ஒருநாள் கேட்டாராம்.

"அன்னம்மா, நம்ம வண்டி ஏர்கான் ஓடலை. அதுக்கும் ஒரு ஜெபம் போடேன்."

"ஏர்கானுக்கு மெக்கானிக் அண்ணே. மெக்கானிக் சொன்ன நேரத்துக்கு வர்றதுக்குத்தான் ஜெபம்."

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆண்டவரை நம்பவில்லை. அந்த இடம் தோ பாயோவில் அவள் அம்மா வீட்டு வாசல்.

நடந்தது இதுதான். லில்லிக்குக் குமரனைப் பிடித்துப்போயிற்று. குமரன் எம்.ஆர்.டி. ரயிலில் பராமரிப்பு வேலை செய்கிறவர், கோயிலுக்குப் போகிற குடும்பம். லில்லி அக்காவிடம் வந்து, "அப்பா இல்லை, நீதான் என்னைக் கைபிடிச்சு மணமேடைக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று கேட்டாள். அன்னம்மாவோ, போனால் விசுவாசத்தை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும் என்று நினைத்தாள். "நான் வரமாட்டேன்" என்று ஒரே வார்த்தை. கல்யாணத்தன்று ரூபவதி மதினி, தள்ளாத உடம்போடு, தானே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அன்னம்மா ஓவர்டைம் வேலைக்குப் போனாள். அன்று அவள் பெட்டியில் அடுக்கிய பிஸ்கட் பாதி உடைந்திருந்ததாம்.

பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ள லில்லியும் குமரனும் தோ பாயோ வீட்டுக்கே குடிவந்தார்கள். அன்னம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு சுவா சூ காங்கில் சின்ன வீடு எடுத்துப் போனாள். போகிறபோது லில்லி சொன்ன வார்த்தை எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

"என் கல்யாணத்துக்கு வராத கால், என் வாசலுக்கும் வர வேண்டாம்."

அதன்பிறகு ஆஸ்பத்திரி வார்டில்தான் அன்னம்மா அம்மாவைப் பார்த்துவந்தாள். அம்மா அடக்கத்தில் அக்காளும் தங்கச்சியும் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்றார்கள். குமரன்தான் இரண்டு பேருக்கும் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

இனிமேல் வருவதைப் புரிந்துகொள்ள எங்கள் சபை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போவோம். பஸ் பிடித்து, கித்தார், டோலக், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் சகிதம் முப்பது பேர் வீடு வீடாகப் பாடப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கொரு முறுக்கு, ஒரு டம்ளர் பானம். ஆனால் அன்றைய கடைசி வீட்டில்தான் சாப்பாடு. தொண்டை கட்டி, கால் வலித்து வருகிற முப்பது பேருக்கும் அந்த வீடுதான் சோறு போடும். ரூபவதி மதினி திடமாக இருந்த காலமெல்லாம் கடைசி வீடு என்றால் தோ பாயோ வீடுதான். அன்னம்மா சிறுபிள்ளையிலிருந்து அந்தப் பானையைத் துழாவினவள். மதினி படுத்த பிறகு கடைசி வீடு வேறு வேறு ஆட்களிடம் போயிற்று.

எங்கள் பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்கும்போது அன்னம்மா எப்போதும் ஒன்றையே சொல்வாள். "என் தங்கச்சி லில்லி மனசை ஆண்டவர் மாத்தணும்." நாங்களும் வருஷக்கணக்காக மாற்றும்படி கேட்டுக்கொண்டிருந்தோம். போன நவம்பரில் சரோஜினி அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வாயைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு மெதுவாக வரும், ஆனால் சரியான இடத்தில் குத்தும்.

"அன்னம்மா, ஆண்டவருக்கு நீர் ஒரு பக்கம்தான் வேலை குடுக்கிறீர். மற்றப் பக்கத்தையும் ஒருக்கா பாக்கச் சொல்லிக் கேப்பமே?"

"எந்தப் பக்கம் அக்கா?"

"சுவா சூ காங் பக்கம்."

கூட்டமே சிரித்தது. அன்னம்மாவும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது டேக்கா சந்தைக்கு எதிரே பஸ்ஸுக்கு நிற்கையில் என்னிடம் சொன்னாள்.

"அத்தை, நான் போகாம இல்லை. ரெண்டு கிறிஸ்மஸுக்கு ரவையில சூஜி கேக் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். லில்லிக்கு என் சூஜி கேக்னா உசிரு. தோ பாயோ கோயில் வரைக்கும் போயிடுவேன். அங்கிருந்து அம்மா பிளாக் தெரியும். அதுக்கப்புறம் கால் நகராது."

"கேக்?"

"ஒரு வருஷம் அங்க பெஞ்சில இருந்த சீனக் கிழவருக்குக் குடுத்தேன். இன்னொரு வருஷம் நானே உட்கார்ந்து தின்னுட்டேன்."

"முழுசா?"

"அழுதுகிட்டே தின்னா தெரியாது அத்தை."

"எதுக்கு இவ்வளவு பயம்?"

"கதவைத் திறந்து, 'போ'ன்னு சொல்லிட்டா? இப்பன்னா இன்னும் கேட்கலைன்னு இருக்கு. கேட்டு இல்லைன்னு ஆயிடுச்சுன்னா எனக்கு வேற யார் இருக்கா?"

அந்த வாரமே அவள் சபையில் பேர் கொடுத்துவிட்டாள், இந்த வருஷம் கேரலுக்குக் கடைசி வீடு தன் வீடு என்று. லில்லியிடம் போக முடியாத சோற்றை ஊருக்காவது போடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

கேரல் அன்றைக்குக் காலையிலேயே நான் அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை, புது மேசைத் துணி. ஆட்டிறைச்சி லிட்டில் இந்தியாவில் ஹலால் கடையில் வாங்கியது. எதிர்வீட்டு அர்ஃபான் குடும்பமும் சாப்பிட வேண்டும் என்று அவள் எப்போதும் அங்கேதான் வாங்குவாள். நெய்ச்சோறு, மட்டன் பிரட்டல், கத்தரிக்காய்ப் பச்சடி, சூஜி கேக். கேக்கில் ஒன்றைத் தனியாக மூடி வைத்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் அவள் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாடற்குழுவுக்குத் தலைவன் ஆல்வின். நல்ல பையன், சபைக்குப் புதுசு, பழைய ஆட்களின் வீடு வாசல் தெரியாது. அன்னம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அச்சை எண்ணெயில் உதறியபடியே பேசினாள். "ஆமாப்பா, கடைசி வீடு நம்ம வீடுதான். பிளாக் நம்பரா? எழுதிக்கோ" என்று மாடி, கதவு நம்பர்வரை கடகடவென்று சொன்னாள். நான் அறைக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், எண்ணெய்ச் சத்தத்தில் அந்த நம்பர் மட்டும் என் காதில் விழவில்லை.

சாயங்காலம் ஆயிற்று. பானைகளைத் துணி போட்டு மூடினோம். வர வேண்டிய நேரம் தாண்டிற்று. அன்னம்மா தாழ்வாரத்துக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். எதிர்வீட்டு அர்ஃபான் எட்டிப் பார்த்தார். அவர் லிட்டில் இந்தியா பூக்கடைகளுக்கு வேனில் பூ கொண்டுபோய்ப் போடுகிறவர்.

"என்ன ஆன்ட்டி, தாத்தா இன்னும் வரலையா? மான் வண்டி எக்ஸ்பிரஸ்வேயில ஜாம் ஆயிடுச்சு போல லா."

அவர் வாய் மூடவில்லை, போன் அடித்தது. அன்னம்மா எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போன் திரையில் 'லில்லி' என்று இருந்தது. அத்தனை வருஷமும் அந்தப் பேரை அவள் அழிக்கவே இல்லை.

எடுக்கிற அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. அதனால் நாங்களும் கேட்டோம்.

"அக்கா. உன் கிறிஸ்மஸ் தாத்தா என் சோபாவில உட்கார்ந்திருக்கார்."

அன்னம்மா திரையில் இருந்த பேரை மறுபடியும் ஒருமுறை பார்த்தாள்.

"முப்பது பேர் செருப்பு தாழ்வாரம் முழுக்கக் கிடக்கு. அன்னம்மா ஆன்ட்டி வீடு இதுதானேன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள இவர் 'ஆமா, வாங்க வாங்க'ன்னு உள்ள விட்டுட்டார். ரெண்டு பாட்டும் பாடி முடிச்சாச்சு. இப்ப எல்லாரும் சமையல்கட்டையே பார்க்கிறாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நாற்பது வருஷம் அவள் வாயில் 'கடைசி வீடு' என்றால் ஒரே பிளாக் நம்பர்தான். அவள் தன் வீட்டு நம்பரைச் சொல்லவில்லை. அம்மா வீட்டு நம்பரைச் சொல்லியிருக்கிறாள்!

அதற்குள் ஆல்வின் போனை வாங்கிவிட்டான். "ஆன்ட்டி, ஸாரி ஆன்ட்டி! நீங்க சொன்ன பிளாக்குக்குத்தான் வந்தோம். தப்பு வீடுன்னு இப்பதான் புரியுது. ஒண்ணும் கவலைப்படாதீங்க, பஸ் கீழயே நிக்குது. இப்பவே ஏறி உங்க வீட்டுக்கு வந்துடறோம்."

நல்ல பிள்ளை, சரியாகத்தான் சொன்னான். அன்னம்மா, "சரிப்பா, வாங்க" என்று சொல்லிவிட்டால் போதும். பஸ் வந்துவிடும், புதுத் திரைச்சீலைக்கு முன்னால் எல்லாரும் சாப்பிடுவார்கள், லில்லி போனை வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்தப் பேர் போன் திரையில் மறுபடி வருமோ வராதோ.

அன்னம்மா கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. நீளமான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, கால்" என்றாள். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். "ஆல்வின், யாரும் கிளம்பாதீங்க. லில்லிகிட்ட போனைக் குடு."

"ம்" என்றது அந்தப் பக்கம்.

"லில்லி, சோறு எல்லாம் இங்க இருக்கு. நான் எடுத்துட்டு அங்க வரட்டுமா?"

போனில் யாரோ டோலக்கைத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் லில்லி, "இங்க இவங்களுக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"இது வான்னு அர்த்தமா, வராதேன்னு அர்த்தமா அத்தை?"

"பசிக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

அர்ஃபான் வேன் சாவியை எடுத்துவிட்டிருந்தார். "பானையைத் தூக்குங்க ஆன்ட்டி. ஆனா கொட்டிடாதீங்க. நாளைக்குக் கல்யாண மாலையெல்லாம் மட்டன் வாசம் அடிச்சா மாப்பிள்ளை ஓடிடுவான்."

நெய்ச்சோற்றுப் பானை ஒன்று, பிரட்டல் பானை ஒன்று, பச்சடி வாளி, முறுக்கு டின், கேக். எல்லாவற்றுக்கும் நடுவே மல்லிகைக் கூடையைத் தள்ளிவிட்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அன்னம்மா சோற்றுப் பானையைப் பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டாள். எக்ஸ்பிரஸ்வேயில் போகும்போது, "போன்னு சொன்னா, பானையை வச்சிட்டுத் திரும்பிடலாம் அத்தை. சோறாவது உள்ள போகட்டும்" என்றாள்.

கோயிலைத் தாண்டினோம். அவள் கால் நகராமல் போகிற இடம் அதுதான். வேனில் போனதால் காலைக் கேட்காமலே தாண்டிவிட்டோம்.

லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் செருப்புகள் ஆரம்பித்தன. பெரிசு, சின்னது, ஹீல்ஸ், கிறிஸ்மஸ் தாத்தாவின் கறுப்பு பூட்ஸ். உள்ளேயிருந்து குமரனின் குரல் கேட்டது. "அடுத்த பாட்டு எனக்குத் தெரிஞ்சதா பாடுங்கப்பா, நானும் கை தட்டணும்ல!"

இரும்புக் கதவுக்குப் பின்னால் லில்லி நின்றாள். தலையில் ஒன்றிரண்டு நரை. அன்னம்மா அதைத்தான் முதலில் பார்த்தாள் என்று நினைக்கிறேன், முகம் ஒரு மாதிரி ஆயிற்று. இரண்டு கையிலும் பானை, கண்ணைத் துடைக்க வழியில்லை. வாசலுக்கு ஒரு அடி முன்னால் நின்றாள். அதற்கு மேல் போகவில்லை.

"லில்லி."

உள்ளே பாட்டு தானாக நின்றது. முப்பது பேரும் பார்த்தார்கள்.

"உன் கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும். ஆண்டவருக்காக வரலைன்னு நினைச்சேன். அது ஆண்டவருக்காக இல்லை, என் வீம்புக்காக. அம்மா தள்ளாம உன்னைக் கூட்டிட்டுப் போனாங்க, அது என் வேலை. என்னை மன்னிச்சிடு. குமரன், நீங்களும்."

அன்னம்மா கூட்டத்தில் ஜெபம் பண்ணி நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இந்தமாதிரி ஒன்று கேட்டதில்லை.

லில்லி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பானையைப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம் லேட்டு. சோறாவது சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் நின்னுட்டே இருக்கே? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

அன்னம்மா செருப்பைக் கழற்றப் பார்த்தாள். பட்டி மாட்டிக்கொண்டது. கையில் பானை, குனிய முடியவில்லை. லில்லி கதவைத் திறந்து வெளியே வந்தாள், குனிந்து, அக்காவின் காலைப் பிடித்து, பட்டியை அவிழ்த்துவிட்டாள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அக்கா தங்கச்சிக்குச் செய்தது அது. இரண்டு பேருக்கும் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நிமிரும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள்.

"அண்ணி, பானையை இப்படிக் குடுங்க" என்று குமரன் ஓடிவந்தார். "கொஞ்சம் விட்டா ரெண்டு பேரும் சேர்ந்து சோத்துல உப்பு கூட்டிடுவீங்க."

பிறகு என்ன, சாப்பாடுதான். ரூபவதி மதினியின் படத்துக்குக் கீழே பானைகள் வரிசையாக இருந்தன. அர்ஃபான் தாழ்வாரத்திலேயே நிற்கப் பார்த்தார். லில்லி விடவில்லை. அன்னம்மா கேட்காமல் போன பாட்டுகளை அவளுக்காக மறுபடியும் முதலிலிருந்து பாடினார்கள். குமரனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாருக்கும் முன்னால் கை தட்டினார். தனியாக மூடி வைத்த சூஜி கேக்கை அன்னம்மா கடைசியாக எடுத்தாள். லில்லி ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இத்தனை வருஷக் கேக் எல்லாம் எங்கே?" என்று கேட்டாள். "ஒரு சீனக் கிழவர்கிட்ட கேளு" என்றாள் அன்னம்மா.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பெண்கள் பலபேர் ஜெபத்தை முடித்துவிட்டு நாற்காலியிலேயே இருந்துவிடுகிறோம். ஆண்டவர் அனுப்பினால் போவோம் என்கிறோம். சிலசமயம் அவர் நம்மை அனுப்புவதில்லை. பஸ்ஸை முன்னால் அனுப்பிவிட்டு, பானையை நம் கையில் கொடுத்துவிடுகிறார். அதற்குமேல் செருப்பைக் கழற்றுகிறது நம் வேலை. அன்னம்மா அம்மா வீட்டு நம்பரைச் சொன்னது ஞாபகமறதி என்று ஆல்வின் சொல்கிறான். இருக்கலாம். அன்னம்மா கேட்டால், "என் வாய்க்கு என்னைவிட விசுவாசம் ஜாஸ்தி" என்கிறாள்.

ஜனவரியில் முதல் பெண்கள் கூட்டம். சரோஜினி அக்கா வழக்கம்போல ஒவ்வொருத்தரிடமும் ஜெபக்குறிப்பு கேட்டுக்கொண்டே வந்தார். அன்னம்மா முறை வந்தது. "லில்லிக்காக" என்று நாங்களே பாதி பேர் சொல்லிவிட்டோம், அவ்வளவு பழக்கம்.

"இல்லை இல்லை" என்றாள் அன்னம்மா. "இந்த வாட்டி எனக்காக. பொங்கலுக்குக் குமரன் வீட்டுப் பெரியவங்க எல்லாம் தோ பாயோவுக்குச் சாப்பிட வர்றாங்க. சைவம். என்னைச் சமைக்கச் சொல்லிட்டா தங்கச்சி. மட்டன் இல்லாம எனக்கு ஒண்ணும் சமைக்கத் தெரியாது. ஆண்டவர்தான் சாம்பாரைப் பார்த்துக்கணும்."

"எந்த வீட்டில சமையல்? பிளாக் நம்பரைச் சரியாச் சொல்லும்" என்றார் சரோஜினி அக்கா.

அன்னம்மா சொன்னாள். அதே நம்பர்தான்.